அசையாத புள்ளியைத் தேடி

உயிரோடு இருப்பவரின் தலையைப் பிடித்து நிறுத்தும் கருவி வருவதற்கு முன், இறந்தவரின் மண்டையோட்டைப் பிடித்து நிறுத்தும் கருவிதான் இருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில், வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர் வின்கேட் டாட். 1912-இல் இங்கிலாந்திலிருந்து அங்கே போனவர். அவர் காலத்தில் அந்தத் துறையில் 3,000-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் சேர்ந்தன. மண்டையோட்டின் இரண்டு செவித்துளைகளிலும் கம்பியைச் செருகி, ஆடாமல் நிறுத்தி அளப்பார்கள். 1920-களில் அங்கே வேலை பார்த்த ஹாலி பிராட்பென்ட் பல் சீரமைப்பு மருத்துவர். அவருக்கு அந்த எலும்புகளிடம் ஒரே ஒரு குறை: அவை வளர்வதில்லை. ஏழு வயதில் இறந்துபோன குழந்தையின் தாடை எட்டு வயதில் எங்கே போயிருக்கும் என்று மண்டையோட்டிடம் கேட்க முடியாது. அவரிடம் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளுக்கோ தாடை வருடா வருடம் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

அதே கருவியை உயிருள்ள தலைக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். காதில் குச்சி, மூக்கின் வேரில் ஒரு தாங்கி, எக்ஸ்ரே குழாய்க்கும் தலையின் நடுத்தளத்துக்கும் இடையே 5 அடி. எக்ஸ்ரே கதிர்கள் விரிந்துகொண்டே வருபவை. குழாய் கிட்டே இருந்தால் அந்தப் பக்கத்துத் தாடை பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் விழும். தள்ளி நின்று, தூரத்தையும் மாற்றாமல் வைத்தால், இந்த வருடப் படத்தையும் அடுத்த வருடப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். 1922-இலேயே பாசினி என்பவர் மண்டையோட்டை எக்ஸ்ரே எடுத்து அளக்கலாம் என்று காட்டியிருந்தார். அவர் தலையைப் படப்பெட்டியோடு துணிக்கட்டால் சுற்றிக் கட்டினார். பிராட்பென்ட் தன் முறையை 1931-இல் வெளியிட்டார். அதே வருடம் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் ஹோஃப்ராத் என்பவரும் தன்போக்கில் இதையே கண்டுபிடித்து வெளியிட்டார். கிளீவ்லேண்டில் பணம் இருந்தது, அதுதான் வித்தியாசம். பிரான்சிஸ் போல்டன் என்ற செல்வந்தப் பெண்மணியும் அவர் மகன் சார்லஸும் செலவை ஏற்றார்கள். அந்தம்மா பிற்பாடு ஓஹையோவிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் பெண் ஆனார். ஆரோக்கியமான பிள்ளைகளை, பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகளை, வருடா வருடம் வரவழைத்துப் படம் எடுத்தார்கள். இன்றைக்கு நோயில்லாத குழந்தைக்கு ஆராய்ச்சிக்காக மட்டும் இத்தனை முறை எக்ஸ்ரே கொடுக்க எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது.

தலையை எப்போது 'நேராக' இருக்கிறது என்பது? அதை பிராட்பென்ட் யோசிக்கவேண்டி இருக்கவில்லை. 1882-இல் ஜெர்மன் மானுடவியலாளர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடி முடிவு செய்துவிட்டார்கள். செவித்துளையின் மேல்விளிம்பிலிருந்து கண்குழியின் கீழ்விளிம்புக்கு ஒரு கோடு. அது தரைக்கு இணையாக இருந்தால் மண்டையோடு நேராக இருக்கிறது. முதல் புள்ளிக்குப் போரியான், இரண்டாவதற்கு ஆர்பிட்டேல் என்று பெயர். அதற்கும் முன்பே டச்சு உடற்கூறியலாளர் பீட்ரஸ் காம்பர் முகத்தின் சரிவைக் கோணமாக அளந்திருந்தார். அவர் செத்த பிறகு 1791-இல் அது அச்சேறியது. அந்தக் கோணத்தை வைத்து எந்த இனம் உசத்தி என்று பட்டியல் போடும் கேவலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க நடந்தது. நம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் காலிப்பரும் கையுமாக நம்மவர்களின் மூக்கையும் தலையையும் அளந்து, சாதிவாரியாக எழுதி வைத்தார். 1909-இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளிலும் அந்த எண்கள் இன்னும் கிடக்கின்றன. பல் சீரமைப்பு என்ற எங்கள் தொழிலின் அளவுகோல் இந்த வீட்டுப் பிள்ளைதான். அதை மறைத்து ஆவது ஒன்றுமில்லை.

நான் படித்த 1980-களில் கணினி கிடையாது. இருட்டறையில் கழுவி, காயப்போட்டு எடுத்த தலை எக்ஸ்ரே படமான செஃபலோகிராமை (நாங்கள் சுருக்கமாக 'செஃப்' என்போம்) விளக்குப் பெட்டிமேல் வைத்து, அதன்மேல் சொரசொரப்பான அசிட்டேட் தாளை டேப் போட்டு ஒட்டி, கூர் சீவிய 3எச் பென்சிலால் எலும்பின் விளிம்புகளை வரையவேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் உட்கார்வோம். முதலில் மூக்கெலும்பும் நெற்றியெலும்பும் சந்திக்கும் இடம், நேசியான். அது ஒரு மெல்லிய கறுப்புக் கீற்று. சில படங்களில் தெரியவே தெரியாது. அடுத்து, பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் குழி. அதன் சுவரை வரைந்துவிட்டு, நடுவில் கண்மதிப்பாக ஒரு புள்ளி வைத்து செல்லா என்று எழுதுவோம். அந்த இடத்தில் எலும்பே கிடையாது. மொத்த முகத்தையும் அளக்கத் தொடங்கும் புள்ளி வெற்றிடத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பழகவே வெகுநாள் ஆனது. பிறகு மேல்தாடையின் முன்புற வளைவில் ஏ, கீழ்த்தாடையின் முன்புற வளைவில் பி.

செல்லாவிலிருந்து நேசியானுக்கு ஒரு கோடு, நேசியானிலிருந்து ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்று. இந்தக் கோடுகளுக்கு இடையிலான கோணங்களுக்கு எண் கொடுத்தவர்களில் இருவரைச் சொன்னால் போதும். 1948-இல் வில்லியம் டவுன்ஸ், நல்ல பல்வரிசை உள்ள 20 பேரை அளந்தார். 12 முதல் 17 வயது, பாதி பையன்கள், பாதி பெண்கள். ஒரு துறை முழுவதற்குமான அளவுகோலுக்கு ஆள் வெறும் இருபது! 1953-இல் சிசில் ஸ்டைனர் எளிமையாக்கினார். மேல்தாடைக் கோணம் 82, கீழ்த்தாடைக் கோணம் 80, வித்தியாசம் 2. இந்த மூன்று எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். எங்கள் ஊர் முகங்களில் இரண்டு தாடைப் பற்களும் கொஞ்சம் முன்னால்தான் இருக்கும், உதடும் தடித்திருக்கும். இந்த எண்களுக்குள் அடங்காத அழகான முகங்கள் எத்தனையோ. ஆனாலும் அதெல்லாம் ஓரிரு டிகிரி விவகாரம். அளவுகோலின் அடிப்படையையே கேள்வி கேட்டவர்கள் வேறு: லட்சத்தில் ஒருவருக்கு, பல லட்சத்தில் ஒருவருக்கு வரும் எலும்பு நோய்களோடு பிறந்தவர்கள். எங்கள் பாடப்புத்தகங்கள் அவர்களைக் கடைசி அத்தியாயத்தில் வைத்திருந்தன. என்னைக் கேட்டால் முதல் அத்தியாயத்தில் வைத்திருக்கவேண்டும்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "ஒம்பதாவது படிக்கிறான் டாக்டரம்மா, இன்னும் பால் பல்லே விழ மாட்டேங்குது." பையன் குள்ளம், நெற்றி அகலம். உச்சந்தலையைத் தடவினேன், ஒன்றரை வயதில் மூடியிருக்கவேண்டிய உச்சிக்குழி விரலுக்கு மெத்தென்று இருந்தது. "தம்பி, ரெண்டு தோளையும் முன்னாடி கொண்டு வாப்பா" என்றேன். கொண்டு வந்தான். மோவாய்க்குக் கீழே இரண்டு தோளும் கிட்டத்தட்ட முட்டின. காறை எலும்பு சரியாக உருவாகவில்லை. அப்பா சிரித்துவிட்டு, "இது எங்க வீட்ல எல்லாருக்கும் வருமே" என்று தானும் செய்து காட்டினார். அவர் வாயில் இருந்தது சின்ன வயதிலேயே கட்டிய பல்செட். பையனின் தாடை எக்ஸ்ரேயில், வராத நிரந்தரப் பற்களும், கணக்கில் இல்லாத உபரிப் பற்களும் எலும்புக்குள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு கிடந்தன.

1898-இல் பாரிஸில் பியர் மரியும் பால் செய்ன்டனும் பெயர் வைத்த நோய் அது, கிளைடோகிரேனியல் டிசாஸ்டோசிஸ். அதன் வரலாற்றில் என்னைக் கவர்ந்த இடம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். அங்கே குடியேறி, இஸ்லாத்தைத் தழுவிய ஒரு சீனர். ஆர்னால்டு என்று பெயர். மனைவியர் ஏழு பேர். 1951-இல் ஜாக்சன் என்ற மருத்துவர் அவருடைய வம்சத்தைத் தேடிப் போய் 356 பேரைக் கண்டுபிடித்தார். அதில் 70 பேருக்கு இந்த நோய். கட்டுரைத் தலைப்பிலேயே 'ஆர்னால்டு தலை' என்று வைத்தார். அம்மா அப்பாவில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு உண்டு என்பதால் அந்தக் குடும்பம் தலைமுறைக்குத் தலைமுறை பெருகியது. 1990-களில் அதே வம்சத்தாரின் ரத்தத்தைக் கொண்டு, பழுது ஆறாவது குரோமோசோமில் இருப்பதை உறுதி செய்தார்கள். 1997-இல் மரபணு பிடிபட்டது: ரன்எக்ஸ்2. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளையும் நீக்கிய எலிக்குட்டிகளுக்கு எலும்பே உருவாகவில்லை. உடல் முழுக்கக் குருத்தெலும்பு மட்டும், பிறந்ததும் செத்துப்போயின. ஏழு மனைவி கட்டிய ஒரு மனிதரின் நெற்றியிலிருந்து, எலும்பு எப்படி எலும்பாகிறது என்ற கேள்விக்கு வழி போயிருக்கிறது.

அளவுக்கு வருகிறேன். இந்த நோயில் மண்டையோட்டின் அடித்தளம் குட்டையாக இருக்கும். கோபன்ஹேகனில் யென்சனும் கிரெய்போர்கும் 1993-இல் 52 பேரின் செஃப்களை அளந்து இதை எழுதியிருக்கிறார்கள். அடித்தளம் குட்டை என்றால் நேசியான் பின்னுக்குப் போய்விட்டது என்று பொருள். ஏ புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தாலும், நேசியான் 1 மில்லிமீட்டர் பின்வாங்கினால் மேல்தாடைக் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி ஏறும். பி புள்ளி இன்னும் கீழே, தூரத்தில் இருப்பதால் கீழ்த்தாடைக் கோணம் அவ்வளவு ஏறாது. விளைவு? கண்ணுக்கு முன்னால் கீழ்த்தாடை துருத்திக்கொண்டு நிற்கும். காகிதத்தில் வித்தியாசம் 2 டிகிரி, எல்லாம் சரி என்று வரும். நம்பாவிட்டால் ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

நேசியானை நம்பமுடியாது என்பதை வேறு வழியாக உணர்ந்தவர் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஜேக்கப்சன். 1975-இல் அவர் நேசியானையே விட்டுவிட்டார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கடித்துக்கொள்ளும் தளத்தைக் கோடாக்கி, ஏ-யிலிருந்தும் பி-யிலிருந்தும் அதன்மேல் செங்குத்து இறக்கி, இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்தார். பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயரால் அது 'விட்ஸ்' ஆனது. அருமையான யோசனை. ஆனால் ராமநாதபுரத்துப் பையனுக்கு நிரந்தரப் பல்லே வரவில்லையே! மிச்சமிருக்கும் பால் பற்களோ தேய்ந்து ஈறு மட்டத்துக்கு வந்துவிட்டன. கடிதளத்தை எங்கே போய்த் தேடுவது?

செல்லாவும் இப்படித்தான். லண்டனில் 1783-இல் இறந்த ஐரிஷ் ராட்சசன் சார்லஸ் பர்ன் தன் உடல் அறுபடாமல் இருக்கவேண்டும் என்று விரும்பியவர். ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் எப்படியோ அந்த உடலைக் கைப்பற்றி எலும்புக்கூடாக்கிவிட்டார். ஏழரை அடிக்கும் மேல். 1909-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். பிட்யூட்டரிக் குழி பெருத்திருந்தது. கட்டி வளர்ந்து குழியின் சுவரை அரித்திருக்கிறது. அதே கட்டிதான் வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக் கீழ்த்தாடையையும் வளர்க்கும். குழி விரிந்தால் அதன் நடுப்புள்ளி நகரும். தாடையை வளர்த்த நோயே தாடையை அளக்கும் புள்ளியையும் தள்ளிவிடுகிறது. 2011-இல் பர்னின் பற்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அவர் பிறந்த பகுதியில் இன்றும் சிலருக்கு இருக்கும் அதே மரபணுப் பிழையைக் கண்டார்கள். இருநூறு வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற அவரை, 2023-இல் அந்த லண்டன் அருங்காட்சியகம் மறுபடி திறந்தபோது காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை இன்னும் முன்பே செய்திருக்கலாம்.

புள்ளியை விடுங்கள், அளக்கப் படமே இல்லாதவரும் உண்டு: பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக்குக்கு எக்ஸ்ரே எதுவும் இல்லை, புகைப்படங்கள்தான். ஐந்தடிகூட இல்லாத உயரம், தடித்த தாடி, எப்போதும் தொப்பி. 13, 14 வயதில் அடுத்தடுத்து இரண்டு தொடையும் முறிந்தவர். 1962-இல் மரோத்தோவும் லாமியும் பிக்னோடிசாஸ்டோசிஸ் என்ற எலும்பு இறுகும் நோயை விவரித்தார்கள். 1965-இல் லோத்ரெக்குக்கு இருந்தது இதுவே என்று எழுதினார்கள். அந்த நோயில் கீழ்த்தாடையின் கோணம் விரிந்துவிடும். நமக்குச் சாதாரணமாக 120, 130 டிகிரியில் மடங்கும் எலும்பு கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும், மோவாய் உள்வாங்கும். தாடி அதைத்தான் மறைத்தது என்பது அவர்கள் வாதம். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் வாழ்க்கையை எழுதிய ஜூலியா ஃப்ரே மறுத்திருக்கிறார். புகைப்படத்தை வைத்துத் தாடைக்கோணம் சொல்வதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவருடைய அப்பாவும் அம்மாவும் நெருங்கிய உறவு, பெரியம்மா சின்னம்மா வகைப் பிள்ளைகளுக்குள் நடந்த கல்யாணம் போன்றது என்பது பதிவில் இருக்கிறது. இரு பக்கமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண்ணாக இருக்கும் எங்கள் ஊரில், குள்ளமாய், அடிக்கடி எலும்பு முறிந்து, மோவாய் இல்லாமல் ஒரு பிள்ளை வந்தால் நான் முதலில் கேட்பது, "சொந்தத்துல கட்டுனதா?" என்றுதான். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பல் பிடுங்கினால் தாடையில் சீழ் பிடித்து எலும்பே அழுகலாம். அளப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் அது.

இத்தனையிலும் காதுக் குச்சிக்கு இடம் இருந்தது. லண்டன் கண் மருத்துவர் டிரீச்சர் காலின்ஸ் 1900-இல் எழுதிய குறைபாட்டில் அதுவும் போய்விடும். கன்ன எலும்பும் அதோடு கண்குழியின் கீழ்விளிம்பும் சரியாக வளர்வதில்லை, கீழ்த்தாடை சிறுத்துவிடும், பலருக்குக் காது முழுதாக உருவாகாது. செவித்துளையே இல்லாதவர்களும் உண்டு. பிராட்பென்ட் கருவியின் முதல் படியே அங்கே நின்றுவிடுகிறது. ஃபிராங்க்ஃபர்ட் கோட்டுக்கு இரண்டு முனைகளும் இல்லை. இதற்கு வழி வேறொரு சிந்தனையிலிருந்து கிடைத்தது. பாஸ்டனின் கூன்ராட் மூரீஸும் மார்ட்டின் கீனும் 1958-இல் சொன்னது இது: தலையை எலும்புப் புள்ளிகளால் நேராக்காதே, அந்த ஆளை எதிரே உள்ள கண்ணாடியில் தன் கண்ணைத் தானே பார்த்து நிற்கச் சொல். ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால் அது படத்தில் செங்குத்துக் கோடாக விழும். அதிலிருந்து அள. ஆரோக்கியமான மாணவிகளை வைத்து யோசித்தது, காதே இல்லாத பிள்ளைக்கு உதவியது.

கோபன்ஹேகனில் ஆர்னே பியோர்க் இன்னும் ஒரு படி போனார். 1951 முதல், பிள்ளைகளின் தாடை எலும்பில் 1.5 மில்லிமீட்டர் நீளமுள்ள டான்டலம் ஊசிகளைப் பதித்து வருடா வருடம் படம் எடுத்தார். எலும்பின் விளிம்பு தேய்வதும் வளர்வதுமாக இருக்கும். உள்ளே பதித்த உலோகம் நகராது. ஊசிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தபோதுதான், நாங்கள் நிலையானது என்று நினைத்திருந்த கீழ்த்தாடையின் அடிவிளிம்பு வளர்ச்சியில் தேய்ந்து கரைவதும், தாடை மொத்தமாகச் சுழல்வதும் தெரிந்தது. அடுத்தவர் பிள்ளையின் தாடையில் ஊசி அடித்த அந்தத் துணிச்சலை நான் பாராட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அதன் பலனை தினமும் அனுபவித்தேன்.

அறுவை மருத்துவர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கு இல்லை. குரூசோன் என்ற மருத்துவர் 1912-இல் ஒரு தாய்க்கும் மகனுக்கும் கண்டு எழுதிய நோயில், மண்டையோட்டுப் பொருத்துகள் காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளும். கண் பிதுங்கும், மேல்தாடை உள்ளே போய்விடும். பால் டெசியே என்ற அறுவை மருத்துவர் முகத்தின் நடுப்பகுதியை மொத்தமாக மண்டையோட்டிலிருந்து பெயர்த்து முன்னால் கொண்டுவந்து, 1967-இல் ரோமில் கூடிய மருத்துவர்களுக்குக் காட்டினார். எத்தனை மில்லிமீட்டர் முன்னால்? அங்கேதான் சிக்கல். நெற்றியும் பின்தங்கியிருந்தால் நேசியானும் பின்னால்தான் இருக்கும். மேல்தாடையின் குறை கோணத்தில் பாதி மறைந்துவிடும். அந்த எண்ணை நம்பிப் பெயர்த்தால் பிள்ளைக்குப் போதாது.

சிடி ஸ்கேன் வந்து, 1980-களில் செயின்ட் லூயிஸில் மார்ஷும் வேனியரும் அதிலிருந்து மண்டையோட்டை முப்பரிமாணத்தில் கட்டிக் காட்டியபின், நிழலை அளக்கும் தொல்லை ஓரளவு தீர்ந்தது. புள்ளிகளின் தொல்லை தீரவில்லை. இப்போது மென்பொருளே புள்ளி வைத்துவிடுகிறது. போன வருடம் ஒரு மாணவி, இரண்டு பக்கமும் செவித்துளை இல்லாத ஒரு பெண்ணின் படத்தை மடிக்கணினியில் கொண்டுவந்தாள். மென்பொருள் ஒரு வினாடியில் போரியானை எங்கோ எலும்புக்கு நடுவே வைத்து, அதிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் கோடு இழுத்து, கோணங்களைத் தசம இடம் வரை பட்டியல் போட்டுவிட்டது.

"பிரிண்ட் எடுக்கவா மேம்?"

"அந்தப் புள்ளியை முதல்ல அழி. நாளைக்கு அந்தப் பொண்ணைக் கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, நூலும் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்துட்டு வா."